ஏழில் நாலு கை

எந்த ஊருக்குத் தண்ணீர், எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் என்பதையெல்லாம் ஏழு பணக்காரர்கள்தான் வருடம் ஒருமுறை கோத்தகிரி மாளிகையில் கூடி முடிவு செய்வார்கள். இப்போது யாரும் அதை மறைப்பதுகூட இல்லை. அவர்களுக்குச் சமைத்துப் பரிமாறப் போகும் சவரிமுத்துவிடம் மனைவி லூர்தம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஏங்க, நம்ம பாப்பா பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசுனா காதக் குடுத்துக் கேட்டுட்டு வாங்க."

சாப்பாட்டு நடுவில் அந்தப் பேச்சு வந்தது. "அந்தப் பள்ளிக்கூடத்த மூடலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் தலைவர். ஒருவரும் தூக்கவில்லை. சவரிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில், "ரசம் யாருக்குங்கய்யா?" என்று கேட்டுவிட்டான்.

நாலு கை எழுந்தது. வாக்குக்கு எழும் கைகளைக் கணக்கிடக் கூரையில் பதித்திருந்த கேமராக் கண் எண்ணிக்கொண்டது: ஏழில் நாலு, பள்ளி மூடப்படும்.

"ஐயா, அது ரசத்துக்குங்க!" என்று பதறினான்.

"பதிவானதை மாத்த அடுத்த வருசம்தான் கூடணும். போகட்டும், நீ ஊத்துப்பா" என்றார் தலைவர்.

மறுநாள் டிவியில் ஒரு பேராசிரியர், அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் தொலைநோக்கை ஒரு மணி நேரம் விளக்கினார். லூர்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நமக்கென்னங்க தெரியும்? அவ்வளவு பெரிய மனுசங்க காரணமில்லாமலா செய்வாங்க?"

சவரிமுத்து தலை குனிந்துகொண்டான். அன்றைக்கு ரசத்தில் பெருங்காய மணம் கொஞ்சம் தூக்கலாகி, நாலு கையைத் தூக்கவைத்துவிட்டதை அவளிடம் எப்படிச் சொல்வான்?