சக்கை விழுந்த கார்

குலசேகரத்தில் மழை விட்ட காலை. முருகதாஸ் தன் வெள்ளைக் காரின் பானட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறான். அரைமதிலைத் தாண்டி நீண்டிருக்கும் அண்ணன் வீட்டுப் பலாமரக் கிளையிலிருந்து விடியும்போது விழுந்த சக்கைப்பழம், அதில் ஒரு பள்ளம் போட்டிருக்கிறது. அண்ணன் மனைவி, அவனுடைய மயினி, அப்போதே வந்து பழத்தைத் தூக்கிப்போய்விட்டாள். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்தில் மழைநீர் தேங்கி, அதற்குள் அந்தக் கிளை மெல்ல ஆடுகிறது. "இன்சூரன்ஸ்ல போட்டா சரியாக்கித் தருவினும்லா," என்கிறாள் அவன் மனைவி அஜிதா, கையில் போனோடு. "சரியாக்கினா அண்ணனுக்கு எதக் காட்டதுக்கு? கெளைய வெட்டுங்கன்னு எத்தன மட்டம் சொல்லியாச்சு! வந்து பாக்கட்டு. அதுவரைக்கும் கெடக்கட்டு." அண்ணன் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. பழுத்த சக்கையின் வாசம் மட்டும் மதில் தாண்டி வருகிறது. பிறகு ஒரு கை வருகிறது. மயினியின் கை, பிசின் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் பளபளக்க. "அஜிதா, நல்ல வருக்கைச் சக்கையாக்கும். பிள்ளியளுக்குக் குடு." சுளைகள் நிறைந்த கிண்ணத்தை வாங்க இருவரும் அசையவில்லை. அவள் எக்கி, அதைப் பானட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறாள். தேங்கிய தண்ணீர் வழிந்து இறங்க, கிண்ணம் அந்தப் பள்ளத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது.