பெண் பெயர் இல்லாத பாட்டு

பிரேசிலில் மூன்று வருடம் துறைமுக வேலை பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிய ரோமால்ட், கூடவே ஒரு பாட்டையும் கொண்டுவந்திருந்தான். பல் துலக்கும்போதும் சட்டை மாட்டும்போதும் வாய் அதையே முணுமுணுத்தது. ஓரிடத்தில் மட்டும் குரல் அப்படிக் குழையும். அந்தக் குழைவு அவன் மனைவி செலினுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் பெயரைச் சொல்லும்போது வந்தது அது. என்ன பாட்டு என்று கேட்டால், "சும்மா" என்பான்.

ஒருநாள் அவன் குளிக்கும்போது பாட்டைச் செல்போனில் பதிவுசெய்து, அந்த நாட்டில் பல வருடம் ஊழியம் செய்துவிட்டு வந்த சிஸ்டர் இம்மாகுலேட்டிடம் கொண்டுபோனாள்.

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுல பொம்பளையே இல்லையே, செலின். ஆறு, செம்மண்ணு, மலைமேல மழை. உன் மடியிலதான் சாகணும்னு அந்த மண்ணைப் பாத்துப் பாடுறது. அங்க பொறந்தவங்க பாட்டு."

செலினுக்கு நெஞ்சு லேசானது. பாதி வழி வந்த பிறகுதான், அங்கே பிறக்காதவன் ஏன் அப்படிக் குழைகிறான் என்று தோன்றியது.

வீட்டில் அவன் சீலா மீனைத் துண்டு போட்டபடி பாடிக்கொண்டிருந்தான்.

"அது என்ன பாட்டுன்னு நீங்க இன்னும் சொல்லலையே," என்றாள்.

"எங்க ஊருப் பாட்டு," என்றான், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அன்றுவரை அவளிடம் அவன் 'நம்ம ஊரு' என்றுதான் சொல்லியிருக்கிறான்.