ஒரு வாய்த் தீவனம்

இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூறு. அந்தப் பாக்கிக்காகத்தான் தீவனக்காரர் வண்டியோடு வந்து, குளத்துக்குக் காற்றடிக்கிற மோட்டாரைக் கழற்றும்படி வண்டிக்காரனிடம் சொன்னார்.

மோட்டார் போனால் விடிவதற்குள் மீன் அத்தனையும் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும். குளத்துக்காரனுக்கு உலகத்தில் இருப்பதே அந்த மீன்தான்.

"அறுவட வரைக்கும் பொறுங்க டாக்டரே, ஓடியா போயிடுவேன்?"

டாக்டர் என்பது கரையில் வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர். மீன்தூள் தீவனம் விற்ற காலத்தில் வெறுங்கையால் அள்ளி, முகர்ந்து காட்டிய மனிதர். மீன்தூள் விலை எகிறியதும் சோயாவும் கடலைப் புண்ணாக்கும் அரைத்த தீவனத்துக்கு மாறினார். அன்றிலிருந்து கையுறையும் முகமூடியும் இல்லாமல் மூட்டைப் பக்கமே வருவதில்லை.

விற்கிறவனே தொட அஞ்சுகிறான். அப்படியானால் உள்ளே என்ன எழவைக் கலந்திருக்கிறான்? மாதக்கணக்கில் கொட்டியும் கொடுவா மீன் கையகலம் தாண்டவில்லையே. குளத்துக்காரனை இந்தக் கேள்வி தூங்கவிடவில்லை.

வண்டிக்காரன் மோட்டாரை நிறுத்திக் கழற்றி, தூக்கிப் போய் வண்டியில் ஏற்றினான். குளம் ஓசையற்றுப் போனது.

அந்த அமைதியைத்தான் குளத்துக்காரனால் தாங்க முடியவில்லை. பாய்ந்து தீவனக்காரரின் வயிற்றில் உதைத்தான். விழுந்தவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். முகமூடியைப் பிய்த்தெறிந்து, கரையில் பிரித்துவைத்திருந்த தீவன மூட்டைக்குள் கையை விட்டான்.

"என் மீன் திங்கிறத நீயும் தின்னுடா! ஒரு வாய் தின்னு, வட்டியோட எண்ணி வைக்கிறேன்!"

அவர் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

பயப்படுகிறான். அதைக் கண்டதும் வெறி இரட்டிப்பானது. தாடையில் ஓங்கிக் குத்தினான். வாய் திறந்தது. திணித்தான். மூக்கைப் பொத்தி, விழுங்குகிறவரை பிடித்துக்கொண்டிருந்தான்.

சிதறிய தீவனம் தண்ணீரில் விழ, மீன்கள் சடசடவென்று மேலேறித் தின்றன.

தீவனக்காரர் எழவில்லை. அவன் குத்தியது ஒரு பக்கம்தான். ஆனால் உதடு, கண்ணிமை, கழுத்து எல்லாம் வீங்கிக்கொண்டே போயின. மூச்சு விசிலடித்தது.

வண்டிக்காரன் ஓடிவந்தான். அவர் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினான்.

"பாவி, கடலை அவருக்கு வெஷம்டா! தூசி பட்டாலே மூச்சடைக்கும். வெளிய சொன்னா நம்ம சரக்க எவன் வாங்குவான்னு கமுக்கமா இருந்தாருடா!"

படுக்க வைக்க வண்டியில் இடமில்லை. இருவருமாக மோட்டாரைக் கீழே உருட்டிவிட்டு அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள்.

விசில் நின்றிருந்தது.

வண்டிக்காரன் வெகுநேரம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தான். பிறகு இறங்கி, மோட்டாரைக் காலால் குளத்துக்காரன் பக்கம் தள்ளினான்.

"வச்சுக்க. இனிமே கேக்க ஆள் இல்ல."