யார் கையில்?

“கை கழுவத் தெரியாதவங்க எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க?”

தலைமைச் சர்ஜன் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி மீட்டிங் ஹால் முழுக்கக் கேட்டது. கேள்வி தனக்குத்தான் என்பது வார்டு சிஸ்டருக்குத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து தேறிவந்த நோயாளிகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கும் கிருமி. ஒரு காலத்தில் சாதாரண ஊசிக்கே அடங்கியது. வருஷா வருஷம் ஒவ்வொரு மருந்தாக ஜெயித்துவிட்டு, இப்போது ஒரே ஒரு மருந்துக்குத்தான் மசிகிறது.

“எங்க நர்ஸ் பொண்ணுங்க கை தோலுரியற அளவுக்குக் கழுவறாங்க சார்.”

“அப்ப கிருமி ஆகாசத்துல இருந்து குதிச்சுதா? லேப் ரிசல்ட் வந்தாச்சு. யார் கையில இருந்துச்சோ, அவங்க இனிமே வார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது.”

லேப் டாக்டர் எழுந்தாள். எல்லார் கையையும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப்போய்ச் சோதித்தவள். சர்ஜனின் ஒரே மகள்.

“அப்பா கத்தியத் தீட்டியாச்சு, பொண்ணு வெட்டப் போகுது,” என்று பக்கத்து நர்ஸ் கிசுகிசுத்தாள். “நம்ம தலைதான் உருளப்போகுது அக்கா.”

சிஸ்டர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நர்ஸுங்க யார் கையிலயும் இல்ல,” என்றாள் மகள். “ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு. மோதிரத்துக்கு அடியில.”

“யாரு அது?”

“நீங்கதான் சார்.”

இந்தப் பெண்ணுக்கு இனி வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் சிஸ்டர்.

“சத்தமாச் சொல்லு,” என்றார் சர்ஜன். “பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

மகள் குரலை உயர்த்தினாள். “கிருமி உங்க மோதிரத்துக்கு அடியில இருந்துச்சு சார். நீங்க கட்டுப் பிரிச்சுப் பாத்த புண்ணுல எல்லாம் அதுதான் ஏறியிருக்கு.”

சர்ஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேட்டுச்சா எல்லாருக்கும்? எம்பொண்ணு!”

பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிடுங்கம்மா. நான் சொன்ன சட்டம் எனக்கும்தான். இன்னையில இருந்து வார்டு ரவுண்ட்ஸை என் அசிஸ்டென்ட் டாக்டர் பாப்பாரு.”

எழுந்து மூலையிலிருந்த வாஷ்பேசினுக்குப் போனார். மறைந்த மனைவி போட்டுவிட்ட மோதிரம். சதைக்குள் புதைந்துகிடந்தது. எவ்வளவு திருகியும் வரவில்லை.

சிஸ்டர் போய்ப் பக்கத்தில் நின்று, அவர் விரல்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள்.