எட்டுப் பேர் வாங்கித் தந்த முத்திரை

சாலையோரக் கடையில் ஒரே கயிற்றில் இரண்டு ஹெல்மெட்டுகள் தொங்கின. ஒன்று சிவப்பு, இன்னொன்று கறுப்பு.

"உனக்கு ஒரே ஒரு ஐ.எஸ்.ஐ. முத்திரைதானா?" என்று கேட்டது சிவப்பு. "எனக்கு மூன்று இருக்கிறது, பார். இன்று காலையில்தான் கடைக்காரர் ஒட்டிவிட்டார்."

"இந்த ஒன்றும் நான் சம்பாதித்ததல்ல" என்றது கறுப்பு. "என்னோடு பிறந்தவர்களில் எட்டுப் பேரைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குள் ஓர் உலோகத் தலையை மாட்டி, உயரத்திலிருந்து இரும்புப் பாளத்தின்மேல் போட்டார்கள். எட்டுப் பேரும் விரிசல் விட்டுப்போனார்கள். உள்ளே இருந்த தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு முத்திரை வந்தது."

"உடைந்துபோனவர்களுக்கா பாஸ் போட்டார்கள்?" சிவப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த நேரத்தில் செண்பகம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கடைக்காரர் சிவப்பை எடுத்து நீட்டினார்.

"மூணு முத்திரை இருக்கும்மா. விலையும் பாதிதான்."

அவள் ஒரு முத்திரையை நகத்தால் சுரண்டினாள். அது அப்படியே கையோடு வந்துவிட்டது.

"என்னண்ணே இது, ஸ்டிக்கர் பொட்டு மாதிரி உரிஞ்சு வருது? அந்தக் கறுப்பை எடுங்க."

கறுப்பின் முத்திரையையும் சுரண்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். ஈரம் காயாத கூந்தலில் சீயக்காய் மணந்தது.

"அண்ணன்மாரே, எனக்குக் கிடைத்த தலை கதகதப்பாக இருக்கிறது" என்று கறுப்பு தனக்குள் சொல்லிக்கொண்டது. "பாட்டுக்கூடப் பாடுகிறது."