காட்டுக் காற்று

"இன்னைக்குமா?" என்றாள் நியோலே.

அல்கிஸ் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காளான் கூடையில் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியையும் கத்தியையும் போட்டுக்கொண்டார்.

"பெத்த பிள்ளை போய் ஆறு மாசம்தான் ஆகுது. ஒரு தடவையாவது அவன் பேரைச் சொல்லியிருப்பீங்களா? கல்லு மனசு உங்களுக்கு."

அவர் மனைவியை ஒரு நொடி பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஸ்தாசே வந்து வாசலில் நின்றதும் கிளம்பிவிட்டார்.

அவர் காட்டுக்குப் போகும் நாளெல்லாம் ஸ்தாசே தவறாமல் வந்துவிடுவாள். அவர் திரும்பும்வரை நகரவும் மாட்டாள்.

"பாத்தியா ஸ்தாசே? இந்தச் சமையலறை ஜன்னலை ஆணி அடிச்சு மூடிட்டார். கேட்டா, குளிர் வருதாம். ஜூலை மாசத்துலகூடத் திறக்க விடலை, அப்ப என்ன குளிர்? எனக்கு வீட்டுப் புழுக்கம், அவருக்குக் காட்டுக் காத்து."

ஸ்தாசே காபியை நீட்டினாள். "விடு. காட்டுல நாலு நாள் நடந்தா மனசு ஆறும்பாங்க. அவர் சமாதானம் ஆயிட்டார் போல. நீயும் போயேன், உனக்கும் ஆறும்."

சமாதானம். அந்த ஒரு வார்த்தை போதும், நியோலேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய்க்கு அடிவயிறு எரிகிறது, தகப்பனுக்குச் சமாதானமாம். அடக்கத்தன்றுகூட அந்த மனுஷன் சத்தம் போட்டு அழவில்லை. இன்று காட்டிலேயே வைத்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கோட்டை எடுத்து மாட்டினாள்.

"தனியாவா? நானும் வரேன்" என்று ஸ்தாசேயும் ஒட்டிக்கொண்டாள். ஆனால் அல்கிஸ் வழக்கமாக இறங்கும் ஊரில் ரயிலை விட்டு இறங்கியதுமே முழங்கால் மக்கர் பண்ணியதால், ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை. பைன் காடு முழுக்க ஆட்கள். குனிந்த தலை நிமிராமல் காளான் தேடினாலும், வழி தவறிவிடக் கூடாதென்று ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தாலியா..."

"இங்கதான் இருக்கேன்."

"அந்தானாஸ்..."

"வரேன், வரேன்."

அந்தக் குரல்களுக்கு நடுவே ஒரு குரல் அவளை நின்ற இடத்திலேயே நிறுத்தியது.

"ரோகாஸ்... ரோகாஸ்..."

அல்கிஸ்தான். வாயருகே கையைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். நின்று காது கொடுத்தார். பதில் இல்லை. பத்தடி நடந்தார். மறுபடியும், "ரோகாஸ்..." கூடையில் ஒரு காளான்கூட இல்லை.

நியோலே பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே காளான் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "பையன் தொலைஞ்சுட்டான்னு பயந்துட்டியாம்மா? நானும் முதல் நாள் கூடவே தேட ஓடினேன். பையன் மார்ச் மாசமே செத்துட்டானாம். இங்கதான் பேரைச் சொல்லிக் கத்தினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னார். பதில் வராதுங்கறது தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பழகுதாம்."

நியோலே மரத்தை விட்டு அந்தப் பெண்ணின் பக்கம் வந்தாள். அப்போதும் கோபம் விடவில்லை.

"இதை வீட்ல கத்தறதுக்கென்ன? பெண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளே. அவளும் சேர்ந்து அழுதிருப்பாளே."

"நானும் இதையேதான் கேட்டேன்." அந்தப் பெண் கத்தியைத் துடைத்து மடக்கினாள். "அடக்கம் முடிஞ்சு வந்த அன்னைக்கு அந்தம்மா சொல்லிச்சாம், 'இனிமே இந்த வீட்ல அவன் பேரு என் காதுல விழுந்தா ஜன்னல் வழியாக் குதிச்சிருவேன்'னு. 'அவ சொன்னதை அவளே மறந்துட்டா. ஆனா நான் எப்படி மறக்கறது? எங்க வீடு அஞ்சாவது மாடி'ன்னார்."