பெயர் வெட்டிய ஜார்

மிக்ஸி ஜாருக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. மாட்ட எனக்குத் தெரியும். சாமான்தான் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியாகப் போன கடைக்காரர் தேய்ந்ததைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாடலே இப்ப வர்றதில்லம்மா. இரு, பழசுல கழட்டித் தரேன்."

மூட்டையிலிருந்து ஒரு ஜாரை எடுத்துக் கவிழ்த்தார். அதில் மா. சுமித்ரா என்று பெயர் வெட்டியிருந்தது. அக்காவின் கல்யாணச் சீருக்கு, எங்களுடையதைப் போலவே அப்பா வாங்கிய மிக்ஸி. பாத்திரக் கடையில் பக்கத்தில் நின்று அந்தப் பெயரை வெட்ட வைத்தவள் நான்.

"இது எப்படிண்ணே வந்துச்சு?"

"எடைக்குப் போட்டது. குடம், குக்கர், தட்டு, எல்லாத்துலயும் இதே பேரு. யாரு பெத்த பொண்ணோ, பாவம்."

நேற்றுகூட அக்கா போனில், "எனக்கென்னடி, ராணி மாதிரி இருக்கேன்" என்றாள்.

அவர் திருகத் திருக, அக்காவின் பெயர் அவர் கைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

வீட்டில் அதை மாட்டினேன். அம்மா தேங்காயைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கெட்டிக்காரிடி நீ! அக்காளோடதும் தேஞ்சுபோனா அந்தக் கடையிலயே வாங்கி, நீயே போய் மாட்டிக் குடுத்துட்டு வா."

"சரிம்மா" என்றேன்.